பத்துக் காடை, இரண்டு புறா: பசிபிக் மலைகளின் வேட்டைக் கணக்கு

கலிஃபோர்னியாவின் வடக்கு மலைகளில் செப்டம்பர் விடியலில் துப்பாக்கியோடு ஏறும் ஒருவருக்குச் சட்டம் இரண்டு எண்களைச் சொல்லி அனுப்புகிறது. மலைக்காடை என்றால் நாளுக்குப் பத்து வரை சுடலாம். பட்டைவால் புறா என்றால் இரண்டோடு நிறுத்த வேண்டும். காடைக்கான பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. புறாவுக்கு மொத்தமே ஒன்பது நாள். இரண்டும் ஒரே சரிவில் வாழ்பவை, ஒரே ஓக் கொட்டையைத் தின்பவை. அப்படியிருந்தும் ஒன்றுக்குப் பிடியைத் தளர்த்தியும் மற்றதற்கு இறுக்கியும் வைத்திருப்பதற்கான காரணம் அந்தப் பறவைகளின் கூட்டுக்குள் இருக்கிறது.

வேட்டையில் பொறுப்பு என்று பேசும்போது பலரும் நல்ல மனசு, கட்டுப்பாடு என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது முதலில் ஒரு கணக்கு. இழந்ததை இந்தப் பறவை எத்தனை நாளில் ஈடுகட்டும்? என் கண்முன் நிற்கும் இந்தக் கூட்டம் எத்தனை மைல் காட்டிலிருந்து வந்து சேர்ந்தது? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாதவர், ஒரு விதியைக்கூட மீறாமலே ஒரு மலைச்சரிவைக் காலி செய்துவிட முடியும்.

மலைக்காடை: நடந்தே இடம்பெயரும் பறவை

மலைக்காடை அமெரிக்க நாட்டுக் காடைகளிலேயே பெரியது. நீலச் சாம்பல் மார்பு, செம்பழுப்புத் தொண்டை, விலாவில் வெள்ளைப் பட்டைகள். தலையில் குச்சிபோல் நேராக நிற்கும் இரண்டு நீண்ட இறகுகள் இருக்கும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. 1806 ஏப்ரலில் கொலம்பியா ஆற்றங்கரையில், அமெரிக்க மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் ஒன்றைச் சுட்டு, அதன் தோற்றத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள். 1829இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ். டக்ளஸ் ஃபர் மரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் இதே பெயரால் அழைக்கப்பட்ட இன்னொரு பறவை நம் இமயமலையில் இருந்தது. அந்த இமயமலைக் காடை 1876இல் நைனிடால் பக்கம் கடைசியாகக் கிடைத்தது. அதன் பிறகு உறுதியான சான்று எதுவும் இல்லை. அமெரிக்க மலைக்காடைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது.

மலைக்காடை பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். ஆள் வாடை பட்டதும் சரிவில் மேல்நோக்கி ஓடும். மன்சனிடா புதரும் முள்ளும் பின்னிக் கிடக்கும் சாபரல் காட்டில் மனிதன் ஒரு அடி வைப்பதற்குள் அது பத்து அடி தாண்டியிருக்கும். கோடையில் மேல்மலையில் குஞ்சு பொரித்து, பனி விழும் முன் கீழே இறங்கி, இளவேனிலில் திரும்ப ஏறுகிறது. சில கூட்டங்கள் இருபது மைல் வரை இப்படி இடம்பெயர்கின்றன, பெரும்பாலும் நடந்தே.

கூட்டுக் கணக்குதான் இதில் வியப்பு. 1990களிலிருந்து பறவைகளுக்குச் சிக்னல் அனுப்பும் சிறு கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரே இணை இரண்டு கூடு வைக்கிறது. பெண் இரண்டிலும் முட்டையிடுகிறது. ஒன்றில் பெண் அடைகாக்க, மற்றதில் ஆண் அடைகாக்கிறது. ஒவ்வொன்றிலும் பத்து முட்டை என்று வைத்தால்கூட நல்ல மழை பெய்த ஆண்டில் ஓர் இணையிலிருந்து இருபது குஞ்சு வரை வெளிவர வாய்ப்புண்டு. அவற்றில் பெரும்பாலானவை அடுத்த இளவேனிலைப் பார்ப்பதில்லை. கூப்பர் பருந்து, பாப்கேட் என்ற காட்டுப்பூனை, பாம்பு, பனி, பசி எல்லாமாகச் சேர்ந்து கொண்டுபோய்விடும். காடை இனங்கள் பொதுவாக இப்படித்தான் வாழ்கின்றன. நிறையப் பிறந்து, சீக்கிரம் சாகும். இலையுதிர் காலத்தில் மனிதன் எடுக்கும் சில பறவைகள் எப்படியும் குளிர்காலத்துக்குப் பலியாக இருந்தவற்றின் பங்கிலிருந்தே போகின்றன என்பதுதான் பத்து என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நியாயம்.

இந்த நியாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. கூட்டம் பெரிதாக இருக்கும் வரைக்கும்தான் அது செல்லும். சமவெளிப் பக்கம் வாழும் கலிஃபோர்னியக் காடை குளிர்காலத்தில் ஐம்பது, நூறு என்று திரளும். மலைக்காடையின் கூட்டம் சிறியது, பத்துக்கும் கீழே இருப்பது சகஜம். குளிர் இரவில் ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்து சூடு காக்கவும், பருந்து வருவதைப் பார்த்துக் குரல் கொடுக்கவும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை வேண்டும். எட்டுப் பறவை உள்ள கூட்டத்தில் ஒருவர் ஆறைச் சுட்டால் அவர் நாள் வரம்புக்குள்தான் இருக்கிறார், ஆனால் மீதி இரண்டு ஜனவரியைத் தாண்டுமா? அனுபவமுள்ளவர்கள் ஒரு கூட்டத்தை ஒரு முறை கிளப்பி, ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு வேறு சரிவுக்குப் போய்விடுவார்கள். சிதறிப்போனவற்றை அந்தி வரை துரத்த மாட்டார்கள். அந்தி என்பது கூட்டம் மறுபடி ஒன்றுசேரக் கூப்பிட்டுக்கொள்ளும் நேரம். மலைக்காடையைப் பொறுத்தவரை நாள் வரம்பைக் காட்டிலும் ஒரு கூட்டத்துக்கு எத்தனை என்பதே முக்கியம் என்று நான் நினைக்கிறேன். விதிப்புத்தகத்தில் இதற்கு வரி இல்லை.

இனம் பிரித்துச் சுடுவதும் இங்கே சும்மா இல்லை. வட கலிஃபோர்னியாவின் ஒரு மண்டலத்தில் மலைக்காடைக்கு மட்டும் பருவம் முன்கூட்டித் திறக்கிறது. அந்த நாட்களில் அதே புதரிலிருந்து கலிஃபோர்னியக் காடையும் கிளம்பும். அதன் கொண்டை முன்னால் வளைந்து காற்புள்ளி மாதிரித் தொங்கும். 1931இலிருந்து மாநிலப் பறவை அதுதான். புதரிலிருந்து திடீரென்று சிறகொலி வெடித்துக் கிளம்பும் அந்த ஒரு விநாடியில் நேர்க்கொண்டையா வளைகொண்டையா என்று பார்க்க முடியாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும்.

புறா: ஒரே ஒரு முட்டை

பட்டைவால் புறா வட அமெரிக்கப் புறாக்களில் மிகப் பெரியது. பிடரியில் வெள்ளைப் பிறை, மஞ்சள் அலகின் நுனியில் கறுப்பு, வாலின் குறுக்கே சாம்பல் பட்டை. தெற்கே மத்திய அமெரிக்காவைத் தாண்டியும் அதன் உறவுகள் உண்டு. நாம் பேசுவது பசிபிக் கரையோரத்து இனத்தை. பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து கலிஃபோர்னியா வரை கோடையில் கூடு கட்டி, குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவின் ஓக் காடுகளுக்கு வந்து சேருவது.

ஒரு கூட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாத்து, அதன்பின் மூன்று நான்கு வாரம் குஞ்சைக் கூட்டிலேயே வளர்க்க வேண்டும். குஞ்சுக்குத் தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டுகின்றன. ஆண்டில் இரண்டாவது கூடு வைத்தாலும் கணக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் நிற்கும். அதற்குப் பதிலாக ஆயுள் நீளம். காலில் வளையம் மாட்டப்பட்ட ஒரு பட்டைவால் புறா 18 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. காடை தன் வம்சத்தை முட்டையால் காக்கிறது, இந்தப் புறா ஆயுளால் காக்கிறது. வளர்ந்த புறா ஒன்று குறைந்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொரு புறா ஆண்டுக்கணக்கில் தப்பிப் பிழைத்தாக வேண்டும்.

செப்டம்பரில் இன்னொரு சிக்கல். தாமதமாகக் கூடு வைத்த இணைகளுக்கு அப்போதும் குஞ்சு இருக்கலாம். இரண்டு பெற்றோரும் பால் ஊட்டும் பறவையில் ஒன்றைச் சுட்டால் கூட்டில் இருப்பதும் அரைப்பட்டினி. பசிபிக் மாநிலங்களில் புறாப் பருவம் செப்டம்பர் நடுவுக்குத் தள்ளிப் போனதும் ஒன்பது நாளாகச் சுருங்கியதும் இந்தப் பின்னணியில்தான். வாஷிங்டன் மாநிலம் 1991இல் புறா வேட்டையை முழுதாக மூடிவிட்டு, பத்தாண்டுகளுக்குப் பிறகே மறுபடி திறந்தது.

1911இன் குளிர்காலம்

இந்தப் புறா கிட்டத்தட்டக் கைநழுவிப் போன ஒரு கதை உண்டு. 1911ஆம் ஆண்டின் இறுதியிலும் 1912இன் தொடக்கத்திலும் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா, சான் லூயிஸ் ஒபிஸ்போ பகுதிகளின் ஓக் காடுகளில் யாரும் முன்பு பார்த்திராத அளவில் புறாக்கள் இறங்கின. செய்தி பரவியது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் கிளம்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போன நூறு பேர் வரையிலானோர் மாலையில் சுமார் 3,000 புறாக்களோடு திரும்பினார்கள். ஒரே ஒரு வேட்டைக்காரர் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலீஸ் ஓட்டல்களுக்கு 2,000க்கும் மேல் அனுப்பினார். இதைப் பதிவு செய்த பறவையியல் ஆர்வலர் லீ சேம்பர்ஸ், இந்தப் புறாவைக் காப்பாற்றப்போவது யார் என்று 1912இல் பகிரங்கமாகக் கேட்டு எழுதினார். பெர்க்லியின் முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியக இயக்குநர் ஜோசப் கிரின்னெல் மறு ஆண்டே இந்தப் புறாவின் இனப்பெருக்கத்தை விரிவாக ஆராய்ந்து, ஒற்றை முட்டையிடும் பறவையால் இந்த அளவு அடியைத் தாங்க முடியாது என்று எச்சரித்தார்.

அன்று சுட்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்ணால் கண்டதை நம்பினார்கள். வானத்தை மறைக்கும் கூட்டம் எதிரே இருக்கும்போது இது குறையும் என்று எவர் நினைப்பார்? ஆனால் அந்தக் கூட்டம் அந்தப் பள்ளத்தாக்கின் புறாக்கள் மட்டும் இல்லை. அந்த ஆண்டு ஓக் கொட்டை எங்கே மிகுதியாகக் காய்த்ததோ அங்கே, கரையோரம் நெடுகிலுமிருந்து வந்து குவிந்தவை. பல நூறு மைல் காட்டின் மூலதனம் ஒரே இடத்தில் கொட்டிக் கிடந்தது. அதை வட்டி என்று நினைத்துச் செலவழித்தார்கள்.

1913இல் வந்த வீக்ஸ்–மக்லீன் சட்டத்தின் கீழ்ப் பட்டைவால் புறா வேட்டைக்கு நாடு முழுவதும் தடை விழுந்தது. 1918இன் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் அந்தத் தடையைத் தொடர்ந்தது. 1932இல்தான் பருவம் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுப் பொறுமையில் பறவை மீண்டது. இதே காலத்தில் அதன் நெருங்கிய உறவான பயணிப் புறாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கடைசிப் பயணிப் புறா மார்த்தா, சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் 1914 செப்டம்பர் 1 அன்று இறந்தது. பயணிப் புறாவோடு சேர்ந்து அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு சிறகுப் பேன் இனம் பட்டைவால் புறாவின் மேல் உயிரோடு இருப்பது 1990களின் இறுதியில் தெரிய வந்தது. அழிந்துபோனது என்ற பொருள் தரும் அறிவியல் பெயரையே அது இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறது. எனக்கு மனத்தைவிட்டு அகலாத செய்தி இது.

உவர் ஊற்றில் எத்தனை புறா?

கூட்டம் கண்ணை ஏமாற்றும் இடம் இன்றும் இருக்கிறது. ஓரிகன், வாஷிங்டன் மலைகளில் உப்புச் சத்துள்ள ஊற்றுகளும் கரையோரத்தில் உவர்க் கழிமுகங்களும் ஆங்காங்கே உண்டு. கோடையில் புறாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்த நீரைக் குடிக்கும். எல்டர்பெர்ரி, கஸ்காரா போன்ற பழங்களில் சோடியம் மிகக் குறைவு. குஞ்சுக்குப் பால் சுரக்க வேண்டிய காலத்தில் உடல் உப்புக் கேட்கிறது. சுண்ணாம்புச் சத்துக்காக வருகின்றனவோ என்றும் ஓரிகனில் ஆராய்ந்து பார்த்தார்கள். விடை உப்பின் பக்கமே நின்றது. கூட்டிலிருந்து பல மைல் பறந்து வந்து, குடித்து, திரும்புகின்றன.

இந்த ஊற்றுகள் அரிதானவை. ஒரு மலைத்தொடரின் புறாக்கள் எல்லாம் ஒரே ஊற்றை நம்பியிருக்கலாம். அதனால்தான் ஆண்டுதோறும் ஜூலையில் அரசு உயிரியலாளர்கள் இதே ஊற்றுகளில் உட்கார்ந்து வந்துபோகும் புறாக்களை எண்ணுகிறார்கள். அடர்காட்டில் எண்ண முடியாத பறவையை எண்ண இதுவே வழி. எண்ணுகிறவருக்கு வசதியான இடம் சுடுகிறவருக்கும் வசதி. பொதுநிலத்து ஊற்றில் பருவ நாளில் நின்று இரண்டு புறா சுடுவது சட்டப்படி சரியாக இருக்கலாம். இருபது பேர் ஒரே ஊற்றில் நின்றால் நாற்பது. அந்த நாற்பதும் பால் சுரக்க உப்புத் தேடி வந்த பெற்றோராக இருந்தால் இழப்பின் கணக்கே வேறு. ஊற்றை விட்டுவிட்டு, மலை முகட்டில் ஓக் கொட்டை தேடிப் பறந்துபோகிறவற்றுக்காகக் காத்திருப்பதே நேர்மையான வேட்டை என்பது என் கருத்து. இரை போட்டுப் புறாவை வரவழைத்துச் சுடுவதையோ கூட்டாட்சிச் சட்டமே தடை செய்கிறது. போட்ட தானியத்தை அள்ளி எடுத்த பிறகும் பத்து நாளைக்கு அந்த இடத்தில் சுடக் கூடாது.

காடைக்கு இந்த இடம் தண்ணீர்ப் பள்ளம். செப்டம்பரில் மழை இன்னும் தொடங்கியிருக்காது. வறண்ட சரிவில் ஒரு சிறு கசிவு இருந்தால் அக்கம்பக்கத்துக் கூட்டங்கள் எல்லாம் காலையும் மாலையும் அங்கேதான் வரும். கலிஃபோர்னியாவில் 1940களிலிருந்து காடைகளுக்காகவே மழைநீரைச் சேமிக்கும் சிறு தொட்டிகளைப் பாலைப் பகுதிகளில் கட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து 200 கஜத்துக்குள் முகாம் அடிக்கக் கூடாது என்பது விதி. மனிதன் கூடாரம் போட்டு உட்கார்ந்தால் பறவை தாகத்தோடு புதருக்குள்ளேயே நிற்கும். முகாம் போடாமல் பாறைமேல் நாளெல்லாம் உட்கார்ந்து சுடுகிறவரும் அதே தாகத்தைத்தான் உண்டாக்குகிறார்.

விழுந்ததைக் கண்டெடுப்பது

சுட்டும் கிடைக்காமல் போகும் பறவை எந்தப் பையிலும் சேர்வதில்லை, காட்டின் கணக்கில் மட்டும் கழிகிறது. புறாவுக்கு வரம்பு இரண்டு என்னும்போது, இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டைப் பள்ளத்தில் தொலைத்தவர் உண்மையில் நான்கு எடுத்தவர். அடிபட்டதைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்று வலசைப் பறவை விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. நியாயமான முயற்சி துப்பாக்கியைத் தோளில் ஏற்றும் முன்பே தொடங்குகிறது.

முகட்டுக் கணவாயில் நிற்கும்போது புறாக்கள் காற்றோடு வேகமாகத் தலைக்கு மேலே கடக்கும். அடிபட்டால் நேர் கீழே விழாது. வந்த வேகத்தில் நூறு அடி, இருநூறு அடி தாண்டி மறுபக்கப் பள்ளத்தின் புதர்க் கடலில் போய் விழும். எங்கே விழும், அங்கே என்னால் இறங்க முடியுமா என்பதை முதலில் பார்த்துவிட்டு நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முப்பத்தைந்து, நாற்பது கஜத்துக்கு மேல் சுட்டால் ரவைகள் பரந்து, பறவை காயத்தோடு பறந்துபோய் எங்கோ சாகும். ஒன்று விழுந்ததும் கண்ணை அந்த இடத்திலிருந்து எடுக்காமல், நேராக அங்கே நடந்து, தொப்பியையோ துணியையோ அடையாளமாகக் கட்டிவிட்டுச் சுற்றித் தேட வேண்டும். அதற்குள் அடுத்த புறா தலைக்கு மேல் போனால் போகட்டும்.

நல்ல நாய் ஒன்று கூட இருந்தால் பாதிக் கவலை குறையும். மலைக்காடை செத்து விழுந்தாலும் காய்ந்த இலையின் நிறத்தில் கலந்துவிடும். சிறகு மட்டும் ஒடிந்தது என்றால் எலிபோல் வேரடியில் புகுந்துகொள்ளும். மனிதக் கண்ணால் முடியாததை நாயின் மூக்கு முடிக்கும். ஆனால் செப்டம்பர் வெயிலில் நாய்க்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். கிலுகிலுப்பைப் பாம்பு உலவும் காலம் அது.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயத் தோட்டா 2019 ஜூலை 1 முதல் முழுதாகத் தடை. 2013இல் இயற்றப்பட்ட சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பின்னால் இருப்பது கலிஃபோர்னியக் காண்டார் கழுகின் கதை. 1982இல் உலகத்திலேயே 22 காண்டார்கள்தான் இருந்தன. 1987இல் எஞ்சியவற்றை எல்லாம் பிடித்துக் கூண்டில் வளர்த்துக் காப்பாற்றினார்கள். திரும்பக் காட்டில் விட்டபோது, சுட்டுக் கைவிட்ட இறைச்சியிலிருந்த ஈயம் அவற்றைக் கொன்றது. காண்டாருக்குப் பெரிய ஆபத்து மான், பன்றி வேட்டையின் ரைஃபிள் தோட்டாவிலிருந்து வந்தது. அதற்காகக் காடை வேட்டைக்காரர் தனக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்க முடியாது. காடையும் புறாவும் இரைப்பையில் தானியம் அரைக்கப் பொடிக்கல் விழுங்குபவை. தரையில் கிடக்கும் ஈய ரவை அவற்றுக்குப் பொடிக்கல்தான். எஃகு ரவை ஈயத்தைவிட இலேசு, வேகம் சீக்கிரம் குறையும். அதனால் ஈயத்தில் பயன்படுத்தியதைவிட இரண்டு அளவு பெரிய ரவையை எடுத்து, இன்னும் கொஞ்சம் கிட்டே வரவிட்டுச் சுட வேண்டும். பழக ஒரு பருவம் ஆகலாம்.

துப்பாக்கி இல்லாத கொலைகள்

வேட்டைக்காரர்கள்மீது மட்டும் பழியைப் போட்டால் உண்மை பாதியாகிவிடும். மலைக்காடை குறைந்துபோன ஐடஹோவிலும் கிழக்கு ஓரிகனிலும் முதல் குற்றவாளி வேட்டை இல்லை. ஸ்நேக் ஆற்றின் ஹெல்ஸ் கேன்யன் பகுதியில் 1958இலிருந்து 1967க்குள் மூன்று அணைகள் எழுந்தன. குளிர்காலத்தில் காடை இறங்கிப் பதுங்கும் ஆற்றோரப் புதர்கள் தண்ணீருக்குள் போயின. மீதிப் புதரை மாட்டு மேய்ச்சலும், சீட்கிராஸ் என்ற அன்னியப் புல்லும், அந்தப் புல் காய்ந்து பரப்பும் தீயும் தின்றன. ஐடஹோ 1984இல் மலைக்காடை வேட்டையை மூடியது. மூடியதால் மட்டும் பறவை திரும்பவில்லை, பதுங்கப் புதர் இல்லையே. பிற்பாடு தென்மேற்கு ஓரிகனில் செழிப்பாக இருக்கும் கூட்டங்களிலிருந்து பிடித்துக் கொண்டுபோய்ப் பழைய இடங்களில் விட்டு வருகிறார்கள்.

புறாவுக்கு நோய். டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி வாயிலும் தொண்டையிலும் மஞ்சள் கட்டியாகப் படிந்து, விழுங்க முடியாமல் பட்டினியால் கொல்லும். கலிஃபோர்னியாவில் சில குளிர்காலங்களில் புறாக்கள் ஆயிரக்கணக்கில் செத்திருக்கின்றன. இந்த மரணங்களை ஆராய்ந்தபோது பசிபிக் கரைப் புறாக்களிலிருந்து அந்த ஒட்டுண்ணியின் புதிய இனம் ஒன்றே 2014இல் விவரிக்கப்பட்டது. மழை குறைந்து, கொட்டையும் தண்ணீரும் சில இடங்களில் மட்டும் கிடைக்க, எல்லாம் அங்கே நெருங்கும்போது நோய் பரவுகிறது. மறுபடியும் கூட்டம்தான். வீட்டுத் தோட்டத்தில் பறவைக்குத் தானியத் தட்டும் தண்ணீர்த் தொட்டியும் வைக்கும் அன்புள்ளவர்கள், செத்த புறா ஒன்றைக் கண்டால் அவற்றை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேட்டைக்காரர் சுட்ட புறாவின் வாயைத் திறந்து பார்த்து, மஞ்சள் கட்டி இருந்தால் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1995இல் மரின் கவுன்டியில் கண்டறியப்பட்ட ஓக் மரச் சாவு நோயும் இதே புறாவின் சோற்றுத் தட்டைத்தான் சுருக்கிவருகிறது.

நிறையப் புறா இறைச்சி வேண்டும் என்பவருக்கு அங்கே வேறு வழி திறந்தே இருக்கிறது. நம் ஊர் வேலியிலும் கரிசல் காட்டிலும் கூவுகிற கள்ளிப்புறா 1970களில் பஹாமாஸ் தீவுகளில் கூண்டிலிருந்து தப்பி, ஃபுளோரிடாவுக்குப் பறந்து, இப்போது அமெரிக்கா முழுக்கப் பெருகிவிட்டது. கலிஃபோர்னியாவில் அதைச் சுட நாள் வரம்பு கிடையாது, ஆண்டு முழுக்கப் பருவம். பட்டைவாலின் வெள்ளைப் பிறையைக் கண்டு விரலை எடுக்கவும் கள்ளிப்புறாவின் கறுப்புக் கழுத்துக்கோட்டைக் கண்டு சுடவும் தெரிந்தவருக்கு அடுக்களையில் குறை வராது.

இங்கே நம் நாட்டு வாசகருக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னவை எல்லாம் அந்த நாட்டின் சட்டத்துக்குள் நடப்பவை. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று காட்டுக் காடை, கௌதாரி, காட்டுப்புறா எதையும் பொழுதுபோக்குக்கோ உணவுக்கோ சுடவும் கண்ணி வைக்கவும் இடமில்லை. சோலைக்காடுகளில் வாழும் நீலகிரி காட்டுப்புறா உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதை ஒட்டிய குன்றுகளையும் தவிர வேறெங்கும் இல்லாதது. அழிவை நோக்கும் பட்டியலில் இருக்கிறது. அதுவும் ஒற்றை முட்டைப் பறவைதான். கடையில் விற்கும் காடை பண்ணையில் வளர்ந்த ஜப்பான் காடை, அதற்கும் காட்டுக்கும் தொடர்பில்லை.

சிறகு போகும் இடம்

அமெரிக்காவில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உற்பத்தி நிலையிலேயே ஒரு வரி உண்டு. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு. 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. காடை இடமாற்றம், புதர் நடவு, கணக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் பெரும்பங்கு அங்கிருந்துதான். பணம் கொடுத்தாயிற்று என்று கை கழுவ இது போதாது. தகவலும் கொடுக்க வேண்டும்.

புறா வேட்டைக்குப் போகிறவர் உரிமத்தோடு ஒரு தனிப் பதிவும் வாங்க வேண்டும். போன ஆண்டு எத்தனை சுட்டீர்கள் என்ற கேள்விக்கு விடை சொன்னால்தான் அது கிடைக்கும். அந்தப் பட்டியலிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்துக் கூட்டாட்சித் துறை அஞ்சல் செலவு கட்டிய உறைகளை அனுப்புகிறது. சுட்ட புறாவின் சிறகு ஒன்றை வெட்டி அதில் போட்டு அனுப்ப வேண்டும். ஓரிகனில் மலைக்காடைக்கு மலைப்பாதைச் சந்திப்புகளில் பீப்பாய் வைத்திருப்பார்கள். சிறகையும் வாலையும் ஒரு காகிதப் பையில் போட்டு, தேதியும் இடமும் எழுதி உள்ளே போட்டுவிட்டு வரலாம்.

பருவம் முடிந்ததும் உயிரியலாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அவற்றைப் பிரிப்பார்கள். காடையின் சிறகில் பெரிய இறகுகளின் அடியை மூடும் சிற்றிறகுகளைப் பார்த்தால் போதும். நுனி வெளிர்மஞ்சளாக இருந்தால் இந்த ஆண்டுக் குஞ்சு, முழுதும் சாம்பலாக இருந்தால் மூத்தது. மலைக்காடையின் குவியலில் இளசுகள் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அந்தக் கோடையில் கூடுகள் தோற்றுவிட்டன என்று பொருள். அடுத்த பருவத்துக்கு என்ன எண் எழுதலாம் என்ற பேச்சு அந்த மேசையில் தொடங்குகிறது.